பிரஷரை இறக்கிய டாக்டரம்மா

பேர்தான் குள்ளம்மாள். ஆள் நெடுநெடுவென்று வளர்ந்தவள். ஊர்ப் பால் சொசைட்டியின் தகரக் கூரைக்குள் குனிந்துதான் நுழைவாள். நல்லம்பள்ளியிலிருந்து மேற்கே பிரிகிற சாலையில் நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது அந்த ஊர். அங்கே இருபத்திரண்டு வருஷமாகக் காலையும் மாலையும் பால் பார்க்கிற வேலை அவளுடையது.

கொழுப்பு பார்க்க மெஷின் வந்துவிட்டது. தண்ணீர் கலந்திருந்தால் அதுவே காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் மெஷினுக்குப் போவதற்கு முன்னால் ஒவ்வொரு கேனின் மூடியையும் திறந்து ஒருத்தர் முகர்ந்து பார்க்க வேண்டும். அதற்கு மெஷின் கிடையாது. குள்ளம்மாள் மூடியைத் தூக்குவாள், குனிவாள், ஒரே ஒரு மூச்சு இழுப்பாள். "ஊத்து" என்றால் பால் நல்ல பால். "தனியா வை" என்றால் அதற்கு மேல் யாரும் வாதாட மாட்டார்கள். காலைப் பாலில் நேற்றைய பால் ஒரு தம்ளர் கலந்திருந்தாலும் சொல்லிவிடுவாள். கேனைச் சரியாகக் கழுவவில்லை என்றாலும் தெரியும். ஒற்றை மாடு வைத்திருக்கிற ஆண்டியிடம் ஒருநாள், "மாமா, மாட்டுக்கு மடிநோய் வர்ற மாதிரி இருக்குது, டாக்டரைக் கூப்புடு" என்றாள். மாட்டு டாக்டர் வந்து பார்த்து, ஆமாம் என்றார்.

அந்த மூக்குதான் போயிற்று.

முதலில் சளி என்று நினைத்தாள். பிறகு ஒருபக்கம் அடைத்தது, அப்புறம் இரண்டு பக்கமும். படுத்தால் வாயைத் திறந்துகொண்டுதான் மூச்சு விட முடிந்தது. குழம்பு தீய்ந்தாலும் அவளுக்குத் தெரியவில்லை. கணவன் பச்சியப்பன், "என்னா இது, இந்தக் குறட்டை உடற" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. வாசனை போய்விட்டது என்று அவனிடம்கூட அவள் சொல்லவில்லை.

சொசைட்டியிலும் சொல்லவில்லை. குனிவாள், மூச்சு இழுப்பது போலச் செய்வாள், முகத்தில் எதையும் காட்டாமல் "ஊத்து" என்பாள். சந்தேகம் வந்தால் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்ப்பாள். கேனை லேசாகச் சாய்த்து, பக்கச் சுவரில் பால் எப்படி வழிகிறது என்று கவனிப்பாள். இன்னும் சந்தேகம் என்றால் ஒரு கரண்டிப் பாலை ஸ்டவ்வில் காய்ச்சுவாள். கெட்ட பால் திரிந்துவிடும். இப்படியே ஒன்றரை வருஷம் ஓட்டினாள்.

போன வருஷம் மே மாதம் ஒரு சாயங்காலம். கொளுத்துகிற வெயில், நீளமான வரிசை, கூலிங் டாங்கிக்குக் கரன்ட் இல்லை, பால் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. ஒரு கேனை அவள் காய்ச்சிப் பார்க்காமல் விட்டுவிட்டாள். அந்த ஒரு கேன் மொத்தப் பாலையும் கெடுத்தது. ஊரே கறந்து கொடுத்த அந்த வேளைப் பால் முழுதும் குளிரூட்டும் நிலையத்திலிருந்து திரும்பி வந்தது.

மறுநாள் காலையில் எல்லோரும் சொசைட்டி முன்னால் கூடிவிட்டார்கள். யார் ஊற்றிய பால் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆண்டிதான் கடைசியில் வந்தவர் என்று யாரோ ஆரம்பித்தார்கள். ஆண்டி மாமா துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிலையைக் குள்ளம்மாளால் பார்க்க முடியவில்லை.

"அவரு மேல தப்பு இல்லீங்க," என்றாள். "எனக்கு மூக்கு போயி ஒன்றர வருசம் ஆச்சு. எதுவுமே தெரிய மாட்டேங்குது. நான்தான் மறைச்சுட்டேன்."

சொசைட்டிச் செயலாளர் கிருஷ்ணப்பன் கோபக்காரர். ஆனால் அன்று அவர் கத்தவில்லை. "ஏம்மா, மொதல்லயே சொல்லியிருந்தா வைத்தியம் பாத்திருக்கலாமே" என்று மட்டும் கேட்டார். அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அளந்து ரசீது எடுத்துக் கொடுக்கிற இடத்தில் உட்கார வைத்தார். அவளுடைய இடத்தில் வேறொரு பெண் நின்று மூடி திறந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்வதுதான் குள்ளம்மாளுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

பச்சியப்பன் அவளை ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். மூக்குக்குள் சதை வளர்ந்து இரண்டு பக்கமும் திராட்சைக் கொத்து மாதிரி அடைத்துக்கொண்டிருக்கிறது, மூக்குக்குள்ளேயே கேமரா விட்டு எடுத்துவிடலாம் என்றார்கள். நாள் குறித்தார்கள். ஆனால் மயக்கம் தெளிந்து அவள் கண் விழித்தபோது, மூக்கு நிறையப் பஞ்சு அடைத்திருந்தது. டாக்டர் கட்டில் ஓரத்தில் நின்றிருந்தார். பாதியில் நிறுத்திவிட்டதாகச் சொன்னார்.

"ரத்தம் நிக்கவே இல்லம்மா. கேமரா மேல ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் எங்களுக்கு எல்லாம் செவப்பாத்தான் தெரியும். அந்த எடத்துல ஒரு பக்கம் கண்ணு, மேல மூளை. நடுவுல இருக்கறது தாள் கனத்துக்கு ஒரு எலும்பு. கண்ணு தெரியாம கத்தி வைக்க முடியாது. நிறுத்திட்டேன்."

அவர் நிறுத்தியதே பெரிய உதவி என்பது அன்று குள்ளம்மாளுக்குப் புரியவில்லை. தன் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள். ஆனால் அதே டாக்டர்தான், மயக்க மருந்து டாக்டர்கள் நிறையப் பேர் இருக்கிற இடத்துக்குப் போங்கள் என்று சீட்டு எழுதி தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே காது மூக்கு டாக்டர் மாதவராஜ் அவளுடைய ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எடுத்துடலாம்மா. ஆனா நான் நாள் குறிக்க முடியாது. மயக்க டாக்டர் சரின்னு சொல்லணும்" என்று அடுத்த அறைக்கு அனுப்பினார்.

அடுத்த அறையில் இருந்தவர் டாக்டர் நிர்மலாதேவி. கம்பைநல்லூர்க்காரர். ஐம்பது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். தானே குள்ளம்மாளின் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். நூற்று அறுபத்தெட்டு என்று வந்தது. ஐந்து நிமிஷம் உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி பார்த்தார். அப்போதும் அதேதான்.

"உங்களுக்குப் பிரஷர் இருக்குதுன்னு எப்ப தெரியும்?"

குள்ளம்மாள் கணவனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "ரெண்டு வருசம் இருக்குங்க மேடம். ஊர்ல கேம்பு போட்டப்ப சொன்னாங்க. பத்து நாளு மாத்திர தின்னேன். தலவலி நின்னுபோச்சு, உட்டுட்டேன்."

"மொத ஆபரேசன்ல இத சொன்னீங்களா?"

"இல்லீங்க. பயத்துல ஏறியிருக்குதுன்னு சொல்லிட்டேன். நிசத்தச் சொன்னா ஆபரேசன் பண்ண மாட்டாங்களோன்னு..."

பச்சியப்பன் திடுக்கிட்டுத் திரும்பினான். அவனுக்கும் இது புதுச் செய்தி. டாக்டரம்மா திட்டவில்லை. பேனாவை எடுத்துச் சீட்டில் எழுதிக்கொண்டே, "இப்ப சொன்னீங்களே, எனக்கு அது போதும்" என்றார். ஊர் முன்னால் ஒருமுறை, இங்கே ஒருமுறை என்று இரண்டு தடவை உண்மை சொல்லியாயிற்று. இரண்டு தடவையும் யாரும் அவளை அடித்து விரட்டவில்லை.

"உங்க வூட்டுக்காரர் என்னா வேல பாக்குறாரு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"சொட்டுநீர்க் குழாய் போடறதுங்க," என்றான் பச்சியப்பன்.

"அப்ப உங்களுக்கு ஈசியாப் புரியும். ஒரு தோட்டத்துல மண்ணுக்குள்ள குழாய் ஒடஞ்சிருக்குது. மோட்டார் ஓடிக்கிட்டே இருக்குது. ஒடசல் எங்கன்னு கண்ணுக்குத் தெரியுமா?"

"எங்கங்க தெரியும்? தண்ணி பீச்சி அடிக்கும். ஒரே சேறாத்தான் இருக்கும்."

"என்னா பண்ணுவீங்க?"

"கேட்வால்வக் கொஞ்சம் மூடுவேன். வேகம் கொறஞ்சா எடம் தெரிஞ்சிரும்."

"மொத்தமா மூடிட்டா?"

"அய்யோ, மொத்தமா மூடக் கூடாதுங்க. கடைசி மரத்துக்குத் தண்ணி போவாதே."

"இதேதான் நான் பண்ணப் போறேன்," என்று டாக்டரம்மா குள்ளம்மாள் பக்கம் திரும்பினார். "நீங்க தூங்கிக்கிட்டு இருக்கறப்ப உங்க பிரஷரை மருந்து குடுத்து வேணும்னே இறக்குவேன். ரத்தம் கசியறது கொறையும். மாதவராஜ் சாருக்கு எடம் பளிச்சுனு தெரியும். ஆனா மூளைக்கும் இதயத்துக்கும் கிட்னிக்கும் போற ரத்தம் கொறையக் கூடாது. அந்த அளவு தப்பாமப் பாத்துக்கறதுதான் என் வேல."

குள்ளம்மாளின் முகம் வெளுத்தது. அவளுக்கு நேர் மூத்த அண்ணன் வயிற்றுப்போக்கு வந்து, பிரஷர் இறங்கிப் போய், ஆஸ்பத்திரி சேர்வதற்குள் ஆட்டோவிலேயே போய்ச் சேர்ந்தவன். பிரஷர் ஏறினால் மாத்திரை உண்டு, இறங்கினால் ஆளே இல்லை என்பதுதான் அவள் வீட்டில் எல்லோரும் நம்பியது. அதைச் சொன்னாள்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "உங்க அண்ணனுக்கு அது தானா எறங்குச்சு. பக்கத்துல பாக்க ஆள் இல்ல. இது நான் எறக்கறது. நான் நிறுத்தினா நிமிசத்துல ஏறிக்கும். ஏறலேன்னா ஏத்தவும் மருந்து கையில இருக்கும். ஆபத்தே கெடையாதான்னு கேட்டா, இருக்குது. பொய் சொல்ல மாட்டேன். அதனாலதான் இப்ப நாள் குடுக்க மாட்டேங்கறேன். உங்க ஒடம்பு வருசக்கணக்கா அதிக பிரஷருக்குப் பழகிப்போச்சு. அங்கிருந்து திடீர்னு எறக்குனா தாங்காது. எட்டு வாரம் ஒழுங்கா மாத்திர சாப்புட்டு நூத்தி முப்பதுக்குக் கொண்டு வாங்க. அப்புறம் நான் பாத்துக்கறேன்."

எட்டு வாரம். குள்ளம்மாள் ஒருநாள்கூடத் தவறவில்லை. காலையில் சொசைட்டிக்குக் கிளம்பும்போது மாத்திரை. கருவாட்டை விட்டாள். மாங்காய் ஊறுகாய் இல்லாமல் ஒருவாய் கூழ் இறங்காது என்று இருந்தவள், ஊறுகாய் ஜாடியைத் தூக்கித் தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினாள். சாயங்காலப் பால் முடிந்ததும் பச்சியப்பனும் அவளும் ஏரிக்கரைவரை நடந்துவிட்டு வந்தார்கள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இருவரும் வேலை எதுவும் இல்லாமல் சும்மா சேர்ந்து நடந்தது அப்போதுதான். வாரம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் நர்ஸிடம் கை நீட்டினாள். நூற்று ஐம்பத்திரண்டு, நூற்று நாற்பத்தாறு என்று மெல்ல இறங்கி ஏழாவது வாரம் நூற்று முப்பதில் வந்து நின்றது.

ஆபரேஷன் அன்று காலை தியேட்டருக்குள் குளிர் எலும்பைத் துளைத்தது. தலை இருக்கிற பக்கத்தை மேஜையோடு சேர்த்துச் சற்றே உயர்த்தி வைத்தார்கள். நிர்மலாதேவி அவள் தலைமாட்டில் வந்து நின்றார். முகக் கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன.

"இன்னிக்குக் காலையில மாத்திர போட்டீங்களா?"

"நீங்க சொன்ன மாதிரியே ஒரு வாய் தண்ணியில போட்டேங்க."

"என்னா பயம்?"

"எங்க அண்ணன் நெனப்பு வந்துகிட்டே இருக்குதுங்க."

டாக்டரம்மா கையுறை போட்ட கையை அவள் நெற்றியில் வைத்தார். "நான் எங்கயும் போவ மாட்டேன். இங்கயேதான் இருப்பேன்." அந்தக் கையின் பாரம் நெற்றியில் இருந்தபடியே குள்ளம்மாள் தூங்கிப்போனாள்.

விழித்தபோது சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. மூக்கில் பஞ்சு. இடது மணிக்கட்டில் ஒரு பிளாஸ்திரி, அதைச் சுற்றி நீலமாகக் கன்றியிருந்தது. பச்சியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். "முழுசா எடுத்துட்டாங்களாம்" என்றான்.

உள்ளே என்ன நடந்தது என்பதை மறுநாள் மாதவராஜ்தான் பஞ்சை எடுக்க வந்தபோது சொன்னார். அவர் பேச்சுப் பிரியர்.

"அந்தக் கைக் காயம் என்னான்னு பாக்கறீங்களா? நாடியில ஊசி போட்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் பிரஷர் என்னான்னு டி.வி.யில ஓடற மாதிரி வச்சிருந்தாங்க மேடம். பிரஷரை இறக்குனதும் உள்ள அவ்ளோ சுத்தமா தெரிஞ்சுது. வலது பக்கம் சுலபமா முடிச்சுட்டேன். இடது பக்கம்தான் பழைய ஆபரேசன் நின்ன எடம். மேல, மூளைக்கு அடியில ஒரு சதை ஒட்டிக்கிட்டு இருந்துது. அதுல கொஞ்சம் கசிவு. 'மேடம், இன்னும் ஒரு பத்து இறக்குங்க'ன்னேன். மாட்டேன்னுட்டாங்க."

"ஏனுங்க சார்?" என்றான் பச்சியப்பன்.

"எனக்கு உங்க மூக்குதான் தெரியும். அவங்களுக்கு உங்க முழு ஒடம்பும் தெரியும். அப்ப இதயத் துடிப்புக் கோடு லேசா மாறியிருக்குது. நான் கவனிக்கல. அவங்க பாத்துட்டாங்க. 'மாதவா, கைய எடு'ன்னாங்க. பிரஷரைத் திருப்பி ஏத்துனாங்க. நான் பஞ்சை வச்சு அழுத்திக்கிட்டு கால் மணி நேரம் சும்மா நின்னேன். கோடு பழையபடி ஆனதும் கொஞ்சமா இறக்கிக் குடுத்தாங்க. அப்புறம்தான் மிச்சத்தை எடுத்தேன். ரெண்டே முக்கால் மணி நேரம். அவங்களுக்கு ஸ்டூல் இருந்துது. உக்காரவே இல்ல."

குள்ளம்மாளுக்கு அழுகை வந்தது. இப்போது அழக் கூடாது, மூக்கில் புண் இருக்கிறது என்று மாதவராஜ் அதட்டினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தான் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், தன்னுடைய ஒவ்வொரு துடிப்பையும் ஒருத்தி எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறாள். பெற்ற தாய்கூட அப்படி நின்றதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. தாய்க்குக் காட்டு வேலை இருந்தது, பாவம்.

வாசனை உடனே வந்துவிடவில்லை. மூச்சு வந்தது; இரண்டு மூக்கிலும் காற்று சில்லென்று போய் வந்தது. அதற்கே முதல் நாள் அவளுக்கு மயக்கமாக இருந்தது. ஆனால் வாசனை இல்லை. தினமும் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவினாள், மருந்து அடித்துக்கொண்டாள். காப்பித்தூள், பூண்டு, கற்பூரம் என்று ஒவ்வொன்றாக எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள். நான்கு வாரம் ஒன்றும் தெரியவில்லை. வராவிட்டாலும் பரவாயில்லை, மூச்சு விடுகிறேனே என்று மனசைத் தேற்றிக்கொள்ள ஆரம்பித்திருந்தாள்.

ஐந்தாவது வாரம் ஒரு மத்தியானம். தோட்டத்து வேலையை முடித்துவிட்டுப் பச்சியப்பன் சாப்பிட வந்து உட்கார்ந்தான். அவள் குனிந்து களியை வைத்தாள். மூக்கில் ஏதோ சுருக்கென்று குத்தியது. நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள்.

"என்னா இது, கைய கழுவலயா நீ? குழாய் ஒட்டற பேஸ்டு நாத்தம் அடிக்குது."

பச்சியப்பன் கையைப் பார்த்தான். விரலிடுக்கில் பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்தான். "என்னா சொன்ன?"

"நாத்தம் அடிக்குதுங்கறேன்," என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அவனுடைய கையைப் பிடித்து இழுத்து முகத்தோடு வைத்துக்கொண்டாள். அந்த நெடி அவளுக்கு இருமலைக் கிளப்பியது. இருமிக்கொண்டே சிரித்தாள். களி ஆறிப்போகிற வரைக்கும் அவன் கையைக் கழுவ அவள் விடவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. மண்ணெண்ணெய், சாணி, வெங்காயம், ஈரச் சாக்கு. பாலின் வாசம் எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்தது. அது மெல்லிய வாசம். வந்ததும் அவள் நேராகக் கிருஷ்ணப்பனிடம் போகவில்லை. ஒரு மாதம் தினமும், புதுப் பெண் முகர்ந்த கேனையே தானும் முகர்ந்து, மனசுக்குள் சொல்லிப் பார்த்துச் சரிபார்த்தாள். ஒருநாள் அந்தப் பெண் "ஊத்து" என்ற கேனுக்கு, குள்ளம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து வந்து, "காய்ச்சிப் பாரு கண்ணு" என்றாள். திரிந்துவிட்டது. கிருஷ்ணப்பன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, "எடத்துக்குப் போம்மா" என்றார். வரிசையில் நின்ற ஆண்டி மாமா தன் கேனை முதல் ஆளாக அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

அந்த வாரமே அவர்கள் வீட்டுப் பசு கன்று போட்டது. சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்து, தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு குள்ளம்மாள் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். மாதவராஜுக்கு ஒரு டப்பா கொடுத்துவிட்டு, அடுத்த அறை வாசலில் நின்றாள். நிர்மலாதேவிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க. தியேட்டர்ல நாங்க மூஞ்சியெல்லாம் மூடிடுவோம். ஒரு நாளைக்கு எத்தன பேரு வர்றாங்க."

குள்ளம்மாள் கையை நீட்டினாள். மணிக்கட்டில் ஊசி போட்ட இடத்தில் புள்ளி மாதிரி ஒரு தழும்பு இருந்தது. "மூக்கு ஆபரேசன்ங்க. மாதவராஜ் சார் இன்னும் இறக்கச் சொன்னாராமே, நீங்க மாட்டேன்னு சொன்னீங்களாமே."

"அட, சொட்டுநீர் அண்ணன் சம்சாரம்!" டாக்டரம்மா சிரித்தார். "அந்த மனுசனுக்கு வாய் நிக்காது. எல்லாத்தையும் சொல்லிட்டாரா? உக்காருங்க." உட்கார்ந்ததும் பட்டையை எடுத்துக் கையில் சுற்றினார். நூற்று இருபத்தெட்டு. அதைப் பார்த்த பிறகுதான் தூக்கைத் திறந்தார். ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

"நான் சின்னப் புள்ளையில கம்பைநல்லூர்ல சாப்புட்டது. அதுக்கப்புறம் யாரும் எனக்குச் சீம்பால் குடுத்ததில்ல."

என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது குள்ளம்மாள் யோசித்து வைத்திருந்தாள். கடைசியில், "நின்னுக்கிட்டே இருந்தீங்களாமே மேடம்" என்றாள்.

"உக்காந்தா எனக்குத் தூக்கம் வரும்," என்றார் டாக்டரம்மா. அதற்குள் ஒரு நர்ஸ் வந்து கூப்பிட்டாள். தூக்கைப் பத்திரமாக அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு அவர் தியேட்டருக்குப் போனார்.

இந்தத் தை மாதம் நிர்மலாதேவிக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. போவதற்கு முன் குள்ளம்மாள் அவருடைய போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டாள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, காலைப் பால் முடிந்து வண்டி போனதும், சொசைட்டிக்கு வெளியே புங்கமரத்தடியில் நின்று கூப்பிடுவாள். தியேட்டரில் இருந்தால் டாக்டரம்மா எடுக்க மாட்டார். மத்தியானத்துக்குள் அவரே கூப்பிட்டுவிடுவார்.

"எவ்ளோ?" என்பார், எடுத்ததும்.

"நூத்தி இருவத்தாறுங்க மேடம். நேத்து நர்ஸம்மா பாத்தாங்க."

"இன்னிக்கு மாத்திர?"

"போட்டுட்டுத்தாங்க போன் பண்றேன். நீங்க சாப்டீங்களா?"

"இனிமேத்தான்."

"பொழுது என்னா ஆவுது. மொதல்ல போயிச் சாப்புடுங்க," என்று குள்ளம்மாள் அதட்டுவாள்.